ஒன்பதாம் அலை
இவான் ஐவசோவ்ஸ்கி (1817–1900)
1850, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 221 × 332 செ.மீ.
ரஷ்ய அரசு அருங்காட்சியகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

இரவெல்லாம் புயல். கப்பல் போய்விட்டது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சிலர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். வரிசையாக வரும் அலைகளில் ஒன்பதாவதுதான் ஆளை விழுங்கும் என்பது பழைய மாலுமிகளின் நம்பிக்கை. படத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

சற்று நெருங்கி, எழும்பி நிற்கும் அலையின் முகட்டைப் பாருங்கள். அங்கே பச்சை அப்பியதாக இல்லை. ஒளி ஊடுருவும்படி மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், பின்னாலிருந்து வெயில் அடிப்பதுபோல் தண்ணீர் கண்ணாடியாய்த் தெரிகிறது. மனிதர்களைவிட இந்தத் தண்ணீரில்தான் ஓவியரின் மனம் இருந்திருக்கிறது; முகங்களுக்கு அவர் அவ்வளவு மெனக்கெடவில்லை.

கிரிமியாவின் துறைமுக நகரான பியோடோசியாவில், ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர் ஐவசோவ்ஸ்கி. கருங்கடல் வீட்டு வாசலிலேயே இருந்தும், அதைப் பார்த்துப் பார்த்து அவர் வரையவில்லை. ஓடும் அலையையும் வெட்டும் மின்னலையும் நேரில் பிடிக்கத் தூரிகைக்கு வேகம் போதாது என்பது அவர் கட்சி. கரையில் பென்சிலால் சில கோடுகள், மற்றதெல்லாம் பட்டறையில், நினைவிலிருந்து. இப்படியே ஏறத்தாழ 6,000 ஓவியங்கள்!

கடலோரத்தில் இருந்தும் குடிநீருக்குத் தவித்த ஊர் பியோடோசியா. 1880களில் தன் பண்ணையிலிருந்த ஊற்றுநீரை ஊருக்கு விட்டுக்கொடுத்தார் ஐவசோவ்ஸ்கி. குழாய் வழியே வந்த அந்த நீருக்காகக் கட்டிய நீரூற்று மண்டபம் அவர் பெயரில் அங்கே இன்றும் நிற்கிறது.