யார் உள்ளூர்க்காரர்?

கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, சிதம்பரம். அங்கே ரெயில் பாதைக்கு மேற்கே நடராஜர் கோவிலும், நான்கு வீதிகளும். கிழக்கே அண்ணாமலை நகர். அங்கேதான் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் அதை நிறுவினார். அன்று முதல் எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வருகிறார்கள். படிக்கிறார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போகாமல் இருப்பவர்கள் யார்? டீக்கடைக்காரர், சாப்பாடு போடுகிறவர், வாடகைக்கு அறை விடுகிறவர். இவர்களுக்கு என்ன பெயர்?

ஒரு சொல், பல ருசி

மரியாதையாகச் சொன்னால், "உள்ளூர்க்காரர்". உறவோடு சொன்னால், "நம்ம ஊர்க்காரர்". பெருமையாகச் சொன்னால், "மண்ணின் மைந்தர்".

கல்லூரி மாணவர்கள் வாயில் வருவது, "லோக்கல்"! "அவன் லோக்கல் பையன்" என்றால், "வம்புக்குப் போகாதே, ஆள் சேர்ந்துவிடும்" என்று பொருள். "லோக்கலாகப் பேசாதே" என்றால், "மட்டமாகப் பேசாதே" என்று பொருள். ஊரில் பிறந்தது ஒரு குற்றமா?

ஆங்கிலத்திலும் இந்தக் கதைதான். கல்லூரி ஊர்களில் நிரந்தரமாகக் குடியிருப்பவரை "டவுனி" என்பார்கள். அதிலும் கொஞ்சம் இளப்பம் உண்டு.

மதுக்கடைச் சண்டை

இந்த இளப்பம் எங்கே கொண்டுபோய் விடும்? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரைப் பாருங்கள். 1355-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி. "மது சரியில்லை" என்று மாணவர்கள் கடைக்காரரிடம் சண்டை போட்டார்கள். அது ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போராக மூண்டது. இரு பக்கமும் பலர் மாண்டனர்.

நகர மேயர் ஆண்டுதோறும் தண்டம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1825 வரை அந்த வழக்கம் நீடித்தது! 1955-ல்தான், பல்கலைக்கழகம் மேயருக்கு கவுரவப் பட்டம் அளித்து, பழைய பகையைத் தீர்த்துக்கொண்டது. ஒரு பகை தீர 600 ஆண்டுகள்!

திரும்பாத மாணவர்

இனி நம் சிதம்பரத்துக்கு வருவோம். 1965 ஜனவரி 27. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த நேரம். அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர் இழந்தார். அவர் சிவகங்கையைச் சேர்ந்தவர். படிக்க வந்தவர்.

இன்று அவர் அண்ணாமலை நகரில் சிலையாக நிற்கிறார். கூடப் படித்தவர்கள் எல்லாம் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

அவரை, "வெளியூர்க்காரர்" என்று யார் சொல்ல முடியும்?