மரை அழிந்தால் வண்டி அழிந்ததா?

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையை அறிந்தவர்கள் றம்பொடையின் வளைவுகளை மறந்திருக்கமாட்டார்கள். ஒருபுறம் தேயிலை மலை. மறுபுறம் பள்ளத்தாக்கிலே, 1985ஆம் ஆண்டில் நிறைவெய்திய கொத்மலை அணையின் நீர்த்தேக்கம். அவ்வழியே ஒருநாள் மாலை, காய்ச்சலால் நடுங்கிய என் அன்னையாரைப் பின்னாசனத்தில் இருத்தி வைத்தியசாலைக்கு விரைந்துகொண்டிருந்தேன். திடீரென வெடி வெடித்தாற்போன்ற ஓர் ஓசை எழுந்தது, வண்டி நின்றுவிட்டது. தீப்பொறி தரும் 'பிளக்' தன் துவாரத்தினின்றும் தெறித்து, வயரின் நுனியிலே தொங்கிக்கொண்டிருந்தது! மரக்கறி ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர் மனமிரங்கி எங்களை ஏற்றிச் சென்றமையால், அன்னையார் உரிய வேளையில் மருந்து பெற்றார்.

அவ்வண்டி என் தந்தையார் விட்டுச்சென்ற 'பி. எஸ். ஏ. பாண்டம்'. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலை 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய வண்டியினம் அது. தோட்டத்துச் சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை சுற்றிவந்த காலத்தின் எச்சம் என்றும் கூறலாம். மறுநாள் அதனைப் பார்த்த கராஜ்காரர் ஒருவர், "மரை முழுவதும் போய்விட்டது ஐயா, இனிப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்" என்று கையை விரித்தார். என் மனம் ஒப்பவில்லை.

மரை என்பது யாது? ஆணியின் புறத்திலும் நட்டின் உட்புறத்திலும் சுருண்டு ஓடும் வரம்பினையே நூல்கள் 'புரி' என்றும், பட்டறையில் உள்ளோர் 'மரை' என்றும் வழங்குவர். ஊறுகாய்ப் போத்தலின் மூடியிலும் இருப்பது அதுவே. மூடியைக் கோணலாக வைத்து முறுக்கினால் என்ன நேரும் என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை!

இயந்திரத்தின் தலைப்பாகம் மிருதுவான அலுமினியக் கலவையாலானது. அதனுள் செலுத்தப்படும் பிளக்கின் உடலோ உருக்கு. இவ்விரண்டும் பொருதினால் அழிவது அலுமினியமே. கோணலாகத் தொடங்குதல், நீண்ட ஸ்பனரால் அளவுக்கு மிஞ்சி முறுக்குதல், இயந்திரம் கொதித்திருக்கும்போதே கழற்றுதல் ஆகிய மூன்றும் மரையின் பகைவர்கள்.

பழைய ஆங்கில வண்டிகளுக்கு நான்காவது பகையொன்றும் உண்டு. ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலேயர் 1841ஆம் ஆண்டில் ஆணிகளின் மரைக்கு ஒழுங்கான அளவு வகுத்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை; கால் அங்குல ஆணியில் அங்குலத்துக்கு 20 வரம்புகள். ஆங்கிலச் சைக்கிள் மரையிலோ கோணம் 60 பாகை. அதே கால் அங்குல ஆணியில் 26 வரம்புகள். யப்பானிய வண்டிகளில் வழங்கும் 6 மில்லிமீற்றர் ஆணி மெலிந்தது. அதன் வரம்புகளுக்கிடையே உள்ள தூரம் 1 மில்லிமீற்றர். மூன்றும் கண்ணுக்கு உடன்பிறப்புக்கள் போலத் தோன்றும். ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பலவந்தமாகச் செலுத்தினால் மரை அரைபட்டு மாவாகிவிடும்.

சரி, அழிந்ததை மீட்பது எவ்வாறு? நூலைச் சுற்றிச் செருகுவதும், பசையிட்டு ஒட்டுவதும், துவாரத்தின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி ஒடுக்குவதும் வீண்வேலை, ஆபத்தும் ஆகும். முதியவரான வேறொரு தொழிலாளி எனக்குக் காட்டிய வழி இது. முதலில் தலைப்பாகத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வாறு செய்யாவிடின் உலோகத்தூள் சிலிண்டருள் விழுந்து பிஸ்டனையும் சுவரையும் கீறிவிடும். பின்னர் மரை வெட்டும் கருவிக்குக் கிறீஸ் பூசி, நேராக நிறுத்தி, அரைச்சுற்று முன்னும் காற்சுற்றுப் பின்னுமாகத் திருப்பி, சற்றே பெரிய புதிய மரையை வெட்டினார். துவாரத்தைக் கழுவி உலர்த்தியபின், துருப்பிடியாத உருக்குக் கம்பியாலான ஒரு சுருளை அதற்குரிய கருவியினால் உள்ளே திருகினார்.

அச்சுருளிலேதான் சூட்சுமம் இருக்கின்றது. அது துவாரத்தைவிடச் சிறிது பெரிது. சுருங்கி உட்புகுந்தபின் தன் விரிதிறனாலேயே இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் வெளிப்புறம் புதிய மரையைப் பற்ற, உட்புறம் பழைய 14 மில்லிமீற்றர் அளவிலேயே அமைகின்றது. ஆகவே வழக்கமான பிளக்கே பொருந்தும். ஆகாயவிமானங்களிலும் கையாளப்படும் முறை இது. சுருளின் மேல்முனை முகப்பிலிருந்து சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும்; கீழ்முனை எரியறைக்குள் நீட்டிநிற்றல் ஆகாது, நின்றால் பழுக்கக் காய்ந்துவிடும். சுருளைத் திருகுவதற்கு உதவிய சிறு நாக்கையும் ஒடித்து அகற்றவேண்டும். இவற்றையெல்லாம் செய்து முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாயிற்று.

பழைய பொருளைப் பேணுதல் வெறும் ஆசையன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அந்நிலை நீடித்தபோது, வீட்டில் நின்ற பழைய வண்டியின் அருமையைப் பலரும் உணர்ந்தார்கள். பஸ் வருமோ வராதோ என்று காத்திருக்கும் மலைநாட்டுக் குடும்பத்துக்கு, ஓடும் வண்டி ஒன்று உயிர்காக்கும் துணையன்றோ? ஆயினும் சக்கர அச்சு, பிரேக் முதலியவற்றின் மரை அழிந்தால் சொந்தக் கைவரிசையைக் காட்டாது, தேர்ந்தவரிடமே ஒப்படைத்தல் அறிவுடைமை.

இப்பொழுது நான் இயந்திரம் குளிர்ந்தபின்பே பிளக்கைத் தொடுகிறேன். முதலில் இடப்புறம் மெல்லத் திருப்பி, மரை 'டக்' என்று அமர்வதை விரலால் உணர்ந்தபின் வலப்புறம் முறுக்குகிறேன். விரலால் இறுகியபின், புதிய வளையமாயின் ஸ்பனரால் ஏறத்தாழ அரைச்சுற்று, அதற்குமேல் இல்லை. இவ்வித்தையை வியந்து அன்னையாரிடம் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே ஊறுகாய்ப் போத்தலை எடுத்தார். மூடியை இடப்புறம் சிறிது திருப்பினார். பின்பு வலப்புறம் திருகி மூடினார்.

"நாற்பது வருடமாக இப்படித்தானே மூடுகிறேன், நீ ஒருநாளாவது பார்த்தாயா?" என்றார்.