ஒரு ஃப்ளை கட்ட ரெண்டு கத்தரிக்கோலா? உப்புக் காத்து ஊர்க்காரங்களுக்கான 'கூர்' டிப்ஸ்!

சேவல் இறகைத் தூண்டில் முள்ளில் வைத்து, கால் மணி நேரம் பொறுமையா நூல் சுத்தியாச்சு. இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மிச்ச நூலை முடிச்சு ஓரமா வெட்டணும். வீட்டுல கிடந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு 'க்ளிக்'. நூல் வெட்டுப்படல, ரெண்டு பிளேடுக்கும் நடுவுல மடங்கிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்தினா, முடிச்சும் சேர்ந்து போச்சு. இறகு மொத்தமும் மடியில!

ஃப்ளை கட்டப் பழகுற பலருக்கும் இது நடக்கும். தப்பு உங்க கை மேல இல்லை மக்களே, கத்தரிக்கோல் மேல.

அதென்ன ஃப்ளை?

உயிர் இரைக்குப் பதிலா இறகு, முடி, ஜிகினா இழைகளை முள்ளில் நூலால் கட்டி, பூச்சி மாதிரியோ சின்ன மீன் மாதிரியோ காட்டி ஏமாத்துறதுதான் ஃப்ளை. சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடியே மாசிடோனியாவுல சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடிச்சதை ஏலியன் என்ற எழுத்தாளர் பதிவு செஞ்சிருக்கார். ஆத்துல பூச்சி வேஷம்னா, கடல்ல நெத்திலி, சாளை வேஷம். பாறை, கட்டா மாதிரி துரத்திப் பிடிக்கிற மீன்கள் இதுக்கு மயங்கும்.

நம்ம முத்துக்குளித்துறைக்கும் இந்தக் கலைக்கும் ஒரு சுவாரஸ்யமான தொடர்பு இருக்கு. 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புகழ்பெற்ற தூண்டில் புத்தகத்தை எழுதின ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண அதிகாரி. அவரேதான் 1884-ல் முத்து, சங்குக் குளிப்பு பற்றிய அரசு அறிக்கையையும் எழுதினார்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* முனை: ஊசி மாதிரி மெலிசா இருக்கணும். ரெண்டு முனையும் ஒரே இடத்துல சரியா சேரணும். வெளிச்சத்துல மூடிப் பாருங்க, ஒண்ணு நீளமா தெரிஞ்சா வேண்டாம்.
* அளவு: சுமார் 10 சென்டிமீட்டர் போதும்.
* விரல் வளையம்: பெருசா இருக்கணும். நூல் சுத்தும்போது கத்தரிக்கோலைக் கீழே வைக்காம விரல்லயே மாட்டிக்கிறது பலருடைய பழக்கம். வளையம் இறுக்கமா இருந்தா ஒரு மணி நேரத்துல விரல் வலிச்சிடும்.
* சோதனை: மெல்லிய துணியை முனையால் மட்டும் வெட்டுங்க. சுத்தமா வெட்டினா ஓகே. துணியைக் கடிச்சு இழுத்தா, வெச்சிட்டு வந்துடுங்க.

ஃப்ளை கட்டுறதுக்குன்னே வர்ற கத்தரிக்கோல் கிடைக்கலையா? சர்ஜிக்கல் கடையில் 'ஐரிஸ்' கத்தரிக்கோல் கேளுங்க. எம்ப்ராய்டரி கத்தரிக்கோலும் கைகொடுக்கும்.

ஏன் ரெண்டு?

முனை எவ்வளவு மெலிசோ அவ்வளவு சீக்கிரம் கெடும். அதே முனையால் ஒரு தடவை கம்பியை வெட்டினா, கூர்ல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அப்புறம் நூல் சரியா அந்தப் பள்ளத்துல போய் உட்காரும்.

அதனால நல்லது ஒண்ணு, நூலுக்கும் இறகுக்கும் மட்டும். முரட்டு வேலைக்கு இன்னொண்ணு. கம்பி, ஜிகினா, செயற்கை முடி எல்லாம் ரெண்டாவதுக்கு. அதுலயும் கம்பியை முனையில் வெட்டாதீங்க, திருகாணிக்குப் பக்கத்துல வெச்சு வெட்டுங்க. அங்கதான் பிளேடு தடிமன், கை அழுத்தமும் அதிகம் இறங்கும்.

வழுக்குற செயற்கை இழைக்கும் 'பிரெய்டு' நரம்புக்கும் நுண்பற்கள் உள்ள பிளேடு நல்லது. பல் இழையைப் பிடிச்சுக்கும், நழுவ விடாது. சாதா நைலான் நரம்புக்கு நகவெட்டியே போதும்!

'ஸ்டெயின்லெஸ்தானே, துருப்பிடிக்காது!'

தூத்துக்குடியில இதை நம்பாதீங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாத்துறது அதன் மேல தானா உருவாகுற ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்புல இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைத் துளைச்சிடும். கூர் நிக்கணும்னு கடினப்படுத்தின கத்தி ரக ஸ்டீல், சாப்பாட்டுத் தட்டு ஸ்டீலைவிட சீக்கிரம் துரு வாங்கும். முதல் துரு வர்றது திருகாணி இடுக்குல. ஈரமும் உப்பும் அங்கதான் தங்கும்.

கடற்கரைக்குக் கொண்டு போயிட்டு வந்தா, நல்ல தண்ணியில கழுவி, விரிச்சு வெச்சுத் துடைச்சு, முழுசா காய விடுங்க. திருகாணியில ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டு, நாலஞ்சு தடவை திறந்து மூடி, வழியிற எண்ணெயைத் துடைச்சிடுங்க. எண்ணெய் இறகுல பட்டா அந்த ஃப்ளை வீண். பசை ஒட்டியிருந்தா நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சு போதும். கத்தியால சுரண்ட வேண்டாம்.

சாணை பிடிக்கலாமா?

பெரிய கத்தரிக்கோலைத் தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட தாராளமா கொடுங்க. மெலிசு முனையைக் கொடுக்காதீங்க. சக்கரத்தோட சூட்டுல முனை பதம் இழந்துடும். அதைக் கையால, நைஸான சாணைக்கல்லுல, வெளிப்பக்கச் சரிவில் மட்டும் தேயுங்க. உள்பக்கம் தேய்ச்சா ரெண்டு பிளேடும் ஒட்டி உரசாது, எவ்வளவு கூர் இருந்தும் வெட்டாது. பல் வெச்ச பிளேடைத் தேய்க்கவே கூடாது.

அலுமினிய ஃபாயிலை வெட்டினா கூர் வந்துடும்னு சொல்வாங்க. ஓரத்துப் பிசிறு கொஞ்சம் படியும், அவ்வளவுதான். போன கூர் திரும்பாது.

வெட்டலைன்னா முதல்ல திருகாணியைப் பாருங்க. கத்தரிக்கோலைத் திறந்து, ஒரு வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை விடுங்க. மெதுவா இறங்கி பாதி வழியில நின்னா சரி. 'தடால்'னு மூடினா திருகாணி லூஸ். பாதிப் பிரச்னை அங்கயே தீர்ந்துடும். வாங்கும்போது அடிச்சு இறுக்கின ஆணியைவிட, திருகாணி வெச்சதைத் தேர்ந்தெடுக்கச் சொல்றது இதுக்குத்தான்.

2013-ல் புவிசார் குறியீடு வாங்கின மீரட் கத்தரிக்கோலைப் பற்றி, தாத்தா வாங்கினா பேரன் வரைக்கும் வரும்னு அந்த ஊர்ல சொல்வாங்க. பழுது பார்க்க முடியுற பொருளுக்குத்தான் அந்த ஆயுசு. உங்க குட்டிக் கத்தரிக்கோலுக்கும் அது கிடைக்கணுமா? ஒரு நிபந்தனைதான்: வீட்டுல யாரும் அதை வெச்சு பால் பாக்கெட் வெட்டாம பார்த்துக்கோங்க!