தண்ணீர்மலையானைத் தரிசிக்க ஒரு நாள் முன்னதாகச் செல்க

தைப்பூசத்திற்குப் பினாங்கு செல்லும் அன்பர்களுள் பெரும்பாலோர் பூச நாளன்று காலையில் பேருந்தை விட்டிறங்கி, நேரே மலையடிவாரம் சென்று, நெரிசலில் சிக்கித் தரிசனம் முடித்து, மாலையே ஊர் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கண்டது விழாவின் பாதியே. பினாங்கின் தைப்பூசம் மலையில் தொடங்குவதில்லை. கடலோரத் துறைமுகத் தெருக்களில், ஒரு நாள் முன்னதாகவே அது தொடங்கிவிடுகிறது.

எனவே பயணத்தைத் திட்டமிடுவோர் பூசத்திற்கு முந்தைய நாள் அதிகாலையில் ஜார்ஜ்டவுனில் இருக்குமாறு புறப்பட வேண்டும். அதாவது இரண்டு இரவுகள் அங்குத் தங்க வேண்டியிருக்கும். விடுதி அறைகளைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நலம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை 2015 முதல் மின்தொடர்வண்டி ஓடுகிறது. நிலையத்திற்கு அருகிலேயே படகுத்துறை. முன்பு கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெரிய படகுகளுக்குப் பதிலாக, 2023 முதல் புதிய பயணிகள் படகுகள் சேவையில் உள்ளன. காரில் வருவோருக்கு 1985இல் திறக்கப்பட்ட பாலமும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் உள்ளன. இருப்பினும், காரில்லாதோர் படகையே நாடலாம். கடற்காற்று முகத்தில் பட, எதிரே தீவும் அதன் மலைத்தொடரும் மெல்ல நெருங்கி வரும் காட்சி பாலத்தில் கிட்டாது. நம் முன்னோர் இத்தீவை முதலில் கண்டதும் கடலிலிருந்துதான்.

படகுத்துறையிலிருந்து நடக்கும் தொலைவில் பினாங்கு வீதி. வட்டித் தொழிலுக்காகக் கடல் கடந்து வந்த நகரத்தார் கிட்டங்கிகள் அமைத்து வாழ்ந்த பகுதி இது. இங்குள்ள கோவில் வீட்டிலிருந்துதான் முருகப்பெருமான் வெள்ளி இரதத்தில் எழுந்தருளுகிறார். காரைக்குடியில் உருவாக்கப்பட்டுக் கப்பலில் வந்த அவ்விரதம் 1894 முதல் இத்தெருக்களில் உலா வருகிறது. காளைகள் பூட்டிய இரதம் புறப்பட்ட கணம் முதல் சாலையெங்கும் தேங்காய்கள் உடைபடும். குவியல் குவியலாகத் தேங்காய்களை அடுக்கி வைத்து, வேண்டுதலோடு காத்திருப்போருள் சீனப் பெருமக்களும் பலர். ஓடுகள் தெறிக்கும். குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துவதும், காலணியின்றி நடப்போர் கவனமாயிருப்பதும் அவசியம்.

2017 முதல் தங்க இரதமும் வேலைத் தாங்கி வருகிறது. எது முந்தியது, எது பெரியது என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுவதுண்டு. வழியில் அர்ச்சனைத் தட்டுடன் காத்திருக்கும் மூதாட்டிக்கு அந்தப் பேச்சில் நாட்டமில்லை. அவருக்கு இரண்டும் முருகனே.

மூதாட்டி என்றதும் ஒன்றை இங்கே அழுத்திக் கூற வேண்டும். 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைமேல் ஆலயத்தை அடைய 513 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலியுடைய தாயையோ, இதய நோயுள்ள தந்தையையோ பூச நாள் வெயிலில் ஏறச் சொல்வது பக்தியாகாது. ஏற முடியாதவர்கள் மனம் வருந்தவும் வேண்டா. இரத ஊர்வலத்தில் இறைவன் அவர்கள் நிற்கும் தெருவுக்கே வருகிறான். பூச நாளிலும் அடிவாரச் சாலையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயத்தில், சமதரையிலேயே உற்சவரைத் தரிசிக்கலாம். ஏறக்கூடியவர்கள் பொழுது புலருமுன் ஏறிவிடுவது நன்று.

இத்தலத்தைத் தண்ணீர்மலை என்று அழைப்பதற்கு அருகிலுள்ள அருவியே காரணம். அவ்வருவி 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கிறது. செட்டிநாட்டில் பிள்ளைகளுக்குத் ‘தண்ணீர்மலை’ என்று பெயரிடும் வழக்கம் உண்டு. கடல் கடந்த ஒரு தீவின் மலை காரைக்குடிச் சீமையில் மனிதப் பெயராக வாழ்கிறது என்பது எத்துணை வியப்பு!

இரு நாள்களுக்கிடையே கிடைக்கும் நேரத்தில் பழைய நகரைக் காணலாம். 2008இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற பகுதி இது. குவீன் வீதியில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயத்தை முதலில் வழிபடுக. நடந்து செல்லும் தொலைவிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனரின் குவான்யின் ஆலயமும், 1818இல் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் உள்ளன. பசித்தால் கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். விழா நாள்களில் ஊர்வலப் பாதை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் இருப்பதால், அங்குப் பசித்திருக்க நேர்வதே அரிது. கார்ன்வாலிஸ் கோட்டையை மாலையில் கடற்கரையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1923 முதல் இழுவைத் தொடர்வண்டி ஏறிச் செல்லும் பினாங்கு மலையின் உச்சியிலும் அருளொளித் திருமுருகன் ஆலயம் ஒன்றுண்டு. அங்குப் படியேறும் சிரமமின்றிப் பெரும் உயரத்தை அடைந்துவிடலாம் என்பதால், முதியோருக்கு ஏற்றது. ஆனால் விழாக் காலத்தில் வண்டிக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க நேரிடும்.

விடுப்பு இருப்பவர்கள் பூசத்திற்கு மறுநாளும் தங்கலாம். அன்று வெள்ளி இரதம் கோவில் வீட்டுக்குத் திரும்புகிறது. கூட்டமே ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த மாதம், மாசி மகத்தன்று வரலாம். தீவின் வடமேற்குக் கரையிலுள்ள தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தில் அன்று தெப்பத் திருவிழா. அங்கே அம்மன் கடலில் மிதந்து வருகிறாள்.