கால் ஊன்றினால் மார்க் போச்சு! ஸ்காட்லாந்தில் ஜெயித்த புல்லட், தூத்துக்குடி உப்புக்காற்றில் பிழைக்குமா?

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்கள். வேகமாகப் போனால் தோற்றீர்கள். நடுவில் கால் தரையில் பட்டால் அவுட். அதே விளையாட்டை 350 சிசி பைக்கில், வழுக்கும் பாறையிலும் ஓடைத் தண்ணீரிலும் ஆடச் சொன்னால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர்தான் ‘மோட்டார்சைக்கிள் ட்ரயல்ஸ்’.

இந்த விளையாட்டின் மிகக் கடினமான போட்டிகளில் ஒன்றை 1950-களில் இரண்டு முறை வென்றது ராயல் என்ஃபீல்டு. அதில் முதல் வெற்றி 350 சிசி புல்லட்டில். அந்தப் புல்லட்டின் தம்பிகள்தான் மெட்ராஸில் தயாராகி, தமிழ்நாடு முழுக்க ஓடின. இன்றும் தூத்துக்குடி மாதிரி ஊர்களில், மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்தி ஒரு ‘தாத்தா வண்டி’ நிற்பதைப் பார்க்கலாம்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பேரன், பேத்தி லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு கேள்வி எழும். ‘இதை ரெடி பண்ணி ஓட்டலாமா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?’ பதிலைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, கடல் காற்று. இன்னொன்று, ஆர்டிஓ விதிகள். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

*அது என்ன ட்ரயல்ஸ்?*

இதில் வேகத்துக்கு மார்க் இல்லை. பாறை, சேறு, ஓடை, வேர்கள் நிறைந்த ஏற்றம் எனச் சில பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு பாதையைக் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு பாதையிலும் ஒரு கண்காணிப்பாளர் நிற்பார். கால் ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம். ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. வண்டி நின்றுவிட்டாலோ விழுந்தாலோ 5. எல்லாப் பாதைகளையும் கூட்டி, யாருக்குக் குறைந்த புள்ளியோ அவரே வின்னர்.

பிரிட்டனில் இது நூறாண்டு தாண்டிய விளையாட்டு. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல்ஸ் 1909-ல் தொடங்கியது. 1965-க்கு முந்தைய மாடல் வண்டிகளுக்கென்றே அங்கு ‘ப்ரீ 65’ என்ற பிரிவில் தனிப் போட்டிகளும் நடக்கின்றன. பழைய வண்டியை வாங்கி, சரி செய்து, அதையே போட்டிக்குக் கொண்டுபோவது அங்கே பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு.

*புல்லட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?*

புல்லட் என்ற பெயர் 1932-லேயே வந்துவிட்டது. ஆனால், நமக்குத் தெரிந்த புல்லட்டின் முன்மாதிரி முதலில் மக்கள் முன் வந்தது ஷோரூமில் இல்லை. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கப் ட்ரயல்ஸ் போட்டியில்தான் வந்தது.

அன்றைய பைக்குகள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது. பின்பக்கம் இறுக்கமாக இருந்தால்தான் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும் என்று ட்ரயல்ஸ் ஓட்டுநர்கள் நம்பினார்கள். ஸ்விங் ஆர்மோடும் ஷாக் அப்சார்பரோடும் வந்த புல்லட் அந்த நம்பிக்கையை உடைத்தது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் பிரிட்டன் அணி கோப்பை வென்றது. அந்த அணியில் இருந்த இரண்டு புல்லட் ஓட்டுநர்களும் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். பிறகு 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரயல்ஸை ராயல் என்ஃபீல்டில் வென்றார் ஜானி பிரிட்டெய்ன்.

இந்த வெற்றிகளுக்குக் காரணம் இன்ஜினின் குணம். 350 புல்லட்டில் பிஸ்டனின் அகலம் 70 மி.மீ., அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மி.மீ. கூடவே கனமான ஃப்ளைவீல். அதனால் ஆர்பிஎம் நன்றாக இறங்கினாலும் வண்டி ஆஃப் ஆகாமல் ‘டுப்... டுப்...’ என்று இழுத்துக்கொண்டே போகும். பாறை மேல் மெல்ல ஏற இதுதான் வேண்டும். மணலிலும் மேட்டிலும் ராணுவத்துக்கும் இதுதான் தேவைப்பட்டது.

*மெட்ராஸ் வந்த கதை*

1949-ல் முதல் 350 புல்லட்டுகள் இந்தியா வந்தன. ராணுவத்தின் ஆர்டர்கள் தொடர்ந்ததால், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1956-ல் வெளிவந்தவை மொத்தம் 163 வண்டிகள்தான்.

அப்புறம் நடந்ததுதான் ட்விஸ்ட். 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூரில் மட்டும் நிற்கவில்லை. 1977-ல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

*70 வருஷ டிசைனை இன்னும் எப்படி ரிப்பேர் பண்ண முடிகிறது?*

அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு 2000-கள் வரை இங்கே தயாரானது. அதனால் 1970-களின் வண்டிக்கும் நிறைய ஸ்பேர்ஸ் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுசும், புதுப்பேட்டையில் பழசும் தேடலாம்.

இரண்டாவது காரணம், இதில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. டேப்பட் செட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி, புஷ்ராடை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்யவும் ஒரு முறை உண்டு. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து பிஸ்டனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்களைக் கேட்டால் தெரியும். இன்னொரு விஷயம்: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய பைக் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் காலி மைதானத்தில் பழகுவது நல்லது.

*தூத்துக்குடியில் என்ன சிக்கல்?*

உப்பு. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். கொண்டல் காற்று கடலிலிருந்து வீசும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தாலே பிசுபிசுக்கும்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் இரண்டு கெடுதல். ஒன்று, உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் துருப்பிடிக்கும் வேகம் கூடும். இரண்டு, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவைக்கும். மழையே பெய்யாவிட்டாலும் வண்டி ராத்திரி முழுக்க நனைந்த மாதிரிதான்.

புல்லட்டில் இன்னொரு வம்பும் உண்டு. கிராங்க்கேஸ் அலுமினியம், அதில் இறங்கும் போல்ட்டுகள் இரும்பு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் அரிக்கப்பட்டு, போல்ட் இறுகிப்போகும். பலம் போட்டுத் திருகினால் போல்ட் தலை கையோடு வரும், கிராங்க்கேஸ் த்ரெட்டும் போகும். அதனால்தான் கடலோர வண்டியில் செலவு பெரும்பாலும் இன்ஜினை ‘செய்வதில்’ இல்லை, ‘கழற்றுவதில்’ வருகிறது.

கடலோரத்தில் வண்டியைக் காப்பாற்ற:

- கடற்கரை, உப்பளச் சாலை, மீன் லாரித் தண்ணீர் சொட்டிய ரோடு என எங்கே போய் வந்தாலும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பிரயோஜனம் இல்லை.
- பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கக் கட்டக் கூடாது. உள்ளே ஈரம் தங்கிவிடும். காற்று புகும் துணிக் கவர் போதும்.
- போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது த்ரெட்டில் கிரீஸ் தடவ வேண்டும்.
- ஸ்போக்ஸை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சத்தம் மாறினால் தளர்ந்திருக்கிறது. வேர்ப்பகுதியில் துரு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.
- கிளட்ச், பிரேக் கேபிள்களுக்குள் எண்ணெய் விட வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கும் கேபிள் உள்ளே துருவேறி அறுந்துபோகலாம்.

*E20 பெட்ரோல் ஊற்றலாமா?*

2025-ல் நாடு முழுக்கப் பரவலாகிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து இந்த வண்டிகள் செய்யப்படவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் டேங்க்குக்குள் துரு, கார்புரேட்டரில் அடைப்பு வரலாம். பழைய ரப்பர் டியூப், கேஸ்கெட்டுகள் இளகும். ரப்பர் பாகங்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது, நீண்ட நாள் நிறுத்தும்போது கார்புரேட்டரைக் காலி செய்வது இரண்டும் உதவும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறையாவது ஓட்டுவது.

*சட்டம் என்ன சொல்கிறது?*

‘15 வருஷம் ஆனால் வண்டியைப் பிடுங்கி உடைச்சுடுவாங்க’ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் தனிநபர் வண்டிக்கு அப்படி இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பித்து ஓட்டலாம். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் ₹2,000. மாநிலத்தின் பசுமை வரி தனி.

வண்டி 50 வயதைத் தாண்டினால் இன்னொரு வழி திறக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அதை ‘வின்டேஜ்’ வண்டியாகப் பதியலாம். புதிதாகப் பதிய ₹20,000. 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு ₹5,000. புதிய பதிவு என்றால் நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிப்புக்குக் கொண்டுபோக என்று மட்டும்தான் அனுமதி. உப்புக்காற்று ஊரில் ஓடாமல் நிற்கும் வண்டிதான் முதலில் சாகும். மரியாதை தரும் பதிவே அதை மூலையில் உட்கார வைத்துவிடலாம். ஓட்ட ஆசைப்படுபவர்கள் சாதாரண ஆர்சியைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் பொருத்தம். சேகரித்து, ராலிக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு வின்டேஜ் பதிவு சரி.

தாத்தா பெயரிலேயே ஆர்சி இருந்தால்? அவர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் போகும் முன் இதை முடிப்பது நல்லது. ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எவ்வளவு செலவு செய்தாலும் அது ரோட்டுக்கு வருவது கஷ்டம்.

*ட்ரயல்ஸ் ஸ்டைலில் மாற்றலாமா?*

சைலன்சரை மேலே தூக்கி, மட்கார்டை வெட்டி, சிங்கிள் சீட் போட்டால் ட்ரயல்ஸ் லுக் வந்துவிடும். 2019-ல் ராயல் என்ஃபீல்டே ‘புல்லட் ட்ரயல்ஸ்’ என்ற பெயரில் 350, 500 சிசிகளில் அப்படி ஒரு மாடலை விற்றது. பிஎஸ் 6 விதிகள் வந்த 2020-ல் அது நின்றுபோனது.

வீட்டிலேயே மாற்றினால் கவனம் வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வின்டேஜ் பதிவுக்கும் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. டயரை மாற்றினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சேசிஸை வெட்டினால் வெட்டியதுதான்.

*போட்டி எங்கே?*

இந்தியாவில் ட்ரயல்ஸ் இன்னும் வேரூன்றவில்லை. கோவாவில் ராயல் என்ஃபீல்டு நடத்தும் ரைடர் மேனியாவின் (இப்போது மோட்டோவெர்ஸ்) ஸ்லோ ரேஸ்தான் அதற்கு நெருக்கமான சொந்தம்.

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் தேரியைப் பார்த்தால் ‘இதுதான்யா ட்ராக்’ என்று தோன்றும். ஆனால், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி விட்டால் வழக்குதான். மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கும் செடிகளும் போகும். சொந்த இடமோ, அனுமதி வாங்கிய தோட்டமோ போதும். நாலு கல், ஒரு மேடு, ஒரு பள்ளம், சுண்ணாம்பில் இரண்டு கோடு, மார்க் போட ஒரு நண்பர். ட்ரயல்ஸுக்கு வேறென்ன வேண்டும்? ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் ஷூவும் கட்டாயம்.

ஆக, மாடிப்படிக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு முதலில் வேண்டியது பெயின்ட் இல்லை. ஆர்சியைத் தேடி எடுங்கள். நம்பரைச் சரிபாருங்கள். சாக்கை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவுங்கள். மற்றதை ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்துக்கொள்ளலாம்.