சைவராக இறந்த அண்ணனுக்கு மீட்பு உண்டா?

போருக்குப் பின் வன்னியின் பல சைவக் குடும்பங்களில் ஒருவரோ இருவரோ ஏதாவதொரு சபையில் சேர்ந்திருக்கிறார்கள். முகாமுக்கு ஜெபிக்க வந்தவர்களின் ஆறுதல் சிலரை அழைத்துச் சென்றது, தனிமை சிலரை. ஞானஸ்நானத்துக்குப் பின் ஒரு கேள்வியும் அவர்களோடு வீட்டுக்கு வருகிறது. இயேசுவை ஏற்காதவருக்கு இரட்சிப்பு இல்லையென்றால், முள்ளிவாய்க்காலில் திருநீற்றோடு இறந்த அண்ணன் இப்போது எங்கே? மே மாதத்தில் அவருக்கு விளக்கேற்றலாமா? இதனால் ஒரே படத்துக்கு முன்னால் சேர்ந்து நிற்க முடியாமல் போன சகோதரங்கள் இருக்கிறார்கள்.

கிறிஸ்தவத்தின் பதில் 'இல்லை' மட்டும்தான் என்று சபைக்காரரும் சைவர்களும் ஒருசேர நம்புகிறார்கள். அது உண்மையல்ல.

'திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை' என்ற கருத்து 3ஆம் நூற்றாண்டு ஆயர் சிப்ரியனோடு சேர்த்துப் பேசப்படுவது. அவர் கண்டித்தது பிற சமயத்தவரை அல்ல, திருச்சபையைப் பிளந்து போன கிறிஸ்தவர்களை. பின்னர் அது எல்லோர் மீதும் பாய்ந்தது. 1442இல் புளோரன்ஸ் சங்கம் பிற சமயத்தவரையும் யூதர்களையும் பெயர் சொல்லியே வெளியே நிறுத்தியது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த இடத்தில் நிற்கவில்லை. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியது. அடுத்த ஆண்டு, இந்து, பௌத்த சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. ஆனால் எல்லா மதமும் சமம் என்று அது சொல்லவில்லை. மீட்பு எவருக்குக் கிடைத்தாலும் அது கிறிஸ்து வழியாகவே என்பதை 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் அழுத்திச் சொன்னது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் மீட்பில் நம்பிக்கை வைக்கக் காரணங்கள் உண்டென்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு கூறியது. பங்கர்களில் பிள்ளைகளை இழந்த நம் தாய்மாருக்கு இதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

இந்த விவாதத்தில் இலங்கையருக்கும் பங்குண்டு. ஆதி பாவத்தோடு பிறந்த மனிதருக்கு ஞானஸ்நானமே வழியென்றால் ஆசியாவின் பெரும்பான்மை மக்களின் கதி என்ன என்பது அருட்தந்தை திஸ்ஸ பாலசூரியவின் சிந்தனையில் முக்கியமான கேள்வி. 1990இல் அவர் எழுதிய 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற நூலுக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஓராண்டின் பின் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. மெதடிஸ்த போதகர் வெஸ்லி அரியராஜா, உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பிற சமய உரையாடலுக்குப் பொறுப்பாக இருந்த தமிழர். பிற சமயத்தாரை விவிலியம் எப்படிப் பார்க்கிறது என்று 1985இல் தனி நூலே எழுதினார். அந்த மன்றத்தின் 1989 சான் அன்டோனியோ மாநாடு இரண்டையும் சேர்த்துச் சொன்னது: கிறிஸ்துவைத் தவிர வேறு மீட்பு வழியை நாங்கள் காட்ட முடியாது; கடவுளின் மீட்கும் வல்லமைக்கு எல்லை வகுக்கவும் முடியாது.

பெந்தகோஸ்தே, சுவிசேஷ சபைகள் பலவற்றின் நிலைப்பாடு இன்னும் இறுக்கமானது. யோவான் 14:6ஐயும் அப்போஸ்தலர் 4:12ஐயும் அவர்கள் நேர்ப்பொருளிலேயே எடுக்கிறார்கள். அதை வெறும் மதவெறி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே வேதாகமத்தில், எல்லா மனிதரும் மீட்கப்படுவதே கடவுளின் விருப்பம் என்று 1 தீமோத்தேயு 2:4 இருக்கிறது. பசித்தவருக்குச் சோறு கொடுத்தாயா என்று கேட்கும் மத்தேயு 25உம் இருக்கிறது.

விளக்கின் விடயம் வேறு. இறந்தவருக்காக மன்றாடுவதைப் புரட்டஸ்தாந்தம் 16ஆம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். சபைக்காரர் தம் சொந்த விசுவாசிக்கும் ஏற்றுவதில்லை. எனவே தங்கை விளக்கேற்ற மறுப்பதை வைத்து, அண்ணன் நரகத்தில் என்று அவள் நினைக்கிறாள் என முடிவு கட்ட முடியாது. வீட்டில் அவளிடம் அதை யாரும் இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள்.