தெருவோர முகங்களுக்கு ஒரு அருங்காட்சியகம்!

1969 ஜனவரி. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் வாசலில், குளிரில் பதாகைகளோடு நின்றார்கள் கறுப்பின ஓவியர்கள். உள்ளே நடந்துகொண்டிருந்தது அவர்களுடைய ஊரைப் பற்றிய கண்காட்சிதான். கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் ஹார்லெம் பகுதியின் கதையை அது புகைப்படங்களாலும் ஒலிப்பதிவுகளாலும் சொன்னது. ஆனால், ஹார்லெம் ஓவியர்கள் வரைந்த ஒரு படம்கூட அங்கே மாட்டப்படவில்லை. ஊர் வேண்டும், ஊரின் கலைஞர்கள் வேண்டாமா என்பதே அவர்களின் கோபம்.

அதே ஐந்தாவது அவென்யூவில் வடக்கே போனால், இதற்கான பதில் ஏற்கெனவே முளைவிட்டிருந்தது. 1968 செப்டம்பரில், 125-வது தெருவுக்கு அருகே ஒரு வாடகை மாடியில் ‘ஸ்டூடியோ மியூசியம்’ தொடங்கப்பட்டது. கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம்!

மாடியில் ஓவியர்கள்

பெயரில் ஏன் ‘ஸ்டூடியோ’? படைப்பைக் காட்டும் கட்டடத்திலேயே படைப்பவரும் வேலை செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னவர் ஓவியர் வில்லியம் டி.வில்லியம்ஸ். அதன்படி ஆண்டுதோறும் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, வேலை செய்ய அறையும் உதவித்தொகையும் தருகிறார்கள். முடிவில் அவர்களின் படைப்புகள் அங்கேயே காட்சிக்கு வருகின்றன. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படி உருவாகியிருக்கிறார்கள். ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தை வரைந்த கெஹிண்டே வைலியும் அவர்களில் ஒருவர்.

இன்னொருவர் ஜோர்டன் காஸ்டீல். டென்வரில் பிறந்த இவர், 2015-ல் இங்கே வந்தார். தூரிகையோடு அறைக்குள் முடங்கிவிடாமல் தெருவில் இறங்கி நடந்தார். சி.டி. விற்பவர், நடைபாதையில் கடை போட்டிருப்பவர் என அக்கம்பக்கத்து மனிதர்களிடம் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் சம்மதத்தோடு புகைப்படம் எடுத்து, ஏறக்குறைய ஆளுயர ஓவியங்களாகத் தீட்டினார். தினமும் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் முகங்கள், அருங்காட்சியகச் சுவரிலிருந்து நேருக்கு நேர் பார்த்தன.

தாத்தாவின் கேமரா

அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே இதைக் கேமராவால் செய்தவர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ. ஹார்லெமில் ஸ்டூடியோ வைத்து, திருமணம், குடும்பம், ராணுவ வீரர்கள் என எல்லோரையும் மிடுக்கோடு படம் பிடித்தவர். 1969 கண்காட்சியில் இடம்பெற்ற இவரது படங்கள்தான் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தன. ஆனால், எண்பதைக் கடந்த அந்த மனிதர் அதே ஆண்டில் வீட்டை இழந்தார். புகழ் வந்ததே தவிர, வாழ்க்கையைக் காப்பாற்றவில்லை.

அவரது படங்களைக் காப்பாற்றியதில் ஸ்டூடியோ மியூசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புகைப்படக் கலை கற்றுத்தரும் திட்டம் ஒன்றை அது 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்துகிறது. அவர்களுக்குப் பாடப்புத்தகமே வான் டெர் ஸீயின் படங்கள்தான். தாத்தா காலத்துத் தெருவைப் பார்த்துவிட்டு, இன்றைய தெருவைப் படமெடுக்கப் போகிறார்கள் பிள்ளைகள். 2021-ல் அவரது படத்தொகுப்பைப் பாதுகாக்க ஸ்டூடியோ மியூசியத்தோடு கைகோத்தது யார் தெரியுமா? அதே மெட்ரோபாலிட்டன்!

புதிய கட்டடம் கட்டுவதற்காக 2018-ல் மூடப்பட்ட ஸ்டூடியோ மியூசியம், 2025 நவம்பரில் ஏழு மாடிகளோடு மீண்டும் திறந்தது. முதல் கண்காட்சிகளில் ஒன்று, 1968-ல் தொடக்க விழா கண்ட அதே டாம் லாய்டின் மின்விளக்குச் சிற்பங்கள்.

ஹார்லெமின் பழைய வீடுகளுக்கு வாசலில் படிக்கட்டு உண்டு. நம் ஊர்த் திண்ணை மாதிரி, அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து கதை பேசும் இடம். புதிய கட்டடத்துக்குள்ளும் அகலமான படிகளை அதே நினைவோடு அமைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று இடம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இனி உள்ளேயே உட்கார்ந்து பேசலாம்!